கால்மாட்டில் ஒரு துணிமூட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நான் எழுத உட்கார்ந்தது ராஜஸ்தான் மணலைப் பற்றி. எங்கள் ஊர் கொல்லயிலில் என் பக்கத்து வீட்டுப் பெண் லிஷா ராஜஸ்தானில் அகழாய்வு செய்கிறாள். எழுத்து பிறக்காத காலத்தில் அந்த மண்ணில் வாழ்ந்த ஆதிக்குடிகளின் அடுப்புகள், சிப்பி மணிகள், புதைகுழிகள். (நான் பாலைவனம் பார்த்ததில்லை. பக்கத்திலிருக்கும் நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறவே இப்போது அலுப்பாக இருக்கிறது.)

தொடக்கம்: 'மணல் மூச்சுவிட்டது. யுகங்களாக அவள் அங்கே...'

வேண்டாம். மணலாவது மூச்சுவிடுவதாவது!

2

அதற்குள் லிஷாவின் அப்பா ரெத்தினதாஸ் இறந்துபோனார். கதை ஊருக்கே திரும்பிவிட்டது.

அவர்கள் ரப்பர் தோட்டத்து மூலையில் குடும்பக் கல்லறை உண்டு. அடுத்த சாவுக்கும் அதையே திறப்பார்கள். பழைய எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டி, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைப்பது வழக்கம். உள்ளே இருந்தது லிஷாவின் அம்மை.

குழிவெட்ட வந்தவரை அம்மையின் தங்கை செல்லபாய் தடுத்துவிட்டாள். “உனக்க வேலையே இதுதானே மக்கா. வேற ஆளு தொடண்டாம், நீயே எறங்கு.”

எலும்பு எடுத்துப் பழகியவளுக்கு இதுவும் எலும்புதான் என்று எல்லோரும் நினைத்தோம்.

3

லிஷா இறங்கினாள். அம்மையின் இடது முன்கை எலும்பில், நடுவே, ஒடிந்து கூடிய தழும்பு இருந்தது.

அம்மை கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். கையூன்றி விழுந்தால் பெரும்பாலும் மணிக்கட்டு ஒடியும். முகத்துக்கு வரும் அடியைத் தடுத்தால் இப்படி ஒடியும். ராஜஸ்தானில் எடுத்த ஒருத்திக்கும் இதே ஒடிவு. 'காரணம் உறுதியில்லை' என்று லிஷா அறிக்கையில் எழுதினாள். அது நேர்மை.

(இங்கே எனக்கு அவள்மேல் சந்தேகம். அழாமல் எலும்பைத் திருப்பிப் பார்ப்பாளா ஒரு மகள்? நான்தான் அவளை அப்படி... விடுங்கள்.)

4

“சித்தி, அம்மைக்க கை எப்பிடி ஒடிஞ்சு?”

செல்லபாய் குழிக்குள் பார்க்கவில்லை. “இப்பளாக்கும் நீ கேக்கிய?”

5

முடிவு ஒன்று: லிஷா மூட்டையைக் கால்மாட்டில் வைக்கிறாள். பாட்டு முடிந்ததும் எல்லோரும் காப்பி குடிக்கப் போகிறார்கள்.

முடிவு இரண்டு: அப்பாவுக்கு மறுமூலையில் வேறு குழி வெட்டச் சொல்கிறாள். செத்தவரை அவமானப்படுத்திவிட்டாள் என்று ஊர் அவளை விடாது.

இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். ரெத்தினதாஸை நான் நல்ல மனிதர் என்றே நினைத்திருந்தேன். வலிக்கிறது. இனி என்னால் முடியாது.

பெட்டி தோட்டத்துக்குள் வந்துவிட்டது. லிஷா மேலே ஏற வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். மூட்டையை முதலில் உங்களிடம் நீட்டுகிறாள். கனமே இல்லை.

வாங்குங்கள். எங்கே வைப்பீர்கள்?