இத்வாலின் ஆறாவது விசில்

இத்வால் பியூ மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மார்ச்சளியால் இறந்தார். வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவருடைய விசில் மேல்மலையில் வேலைக்குத் திரும்பியது. ஆள் வரவில்லை, விசில் மட்டும்தான் வந்தது. கும் ஹெலிக் பள்ளத்தாக்கில் காது உள்ள எல்லோரும் கேட்டோம். அன்று லேசான தூறல். வைக்கோல் விலையில் மாற்றமில்லை. உயிரோடு இருந்தபோது இத்வால் இரண்டு விரல்களை நாக்குக்கடியில் மடித்து ஊதினால் மூன்று மைல் தொலைவிலுள்ள நாயும் நிமிரும். இப்போது விரலும் இல்லை, நாக்கும் இல்லை, சத்தம் மட்டும் கூடியிருந்தது.

ஆட்டு நாய்க்கு அவர் ஐந்து விசில்கள் வைத்திருந்தார்: இடம் சுற்று, வலம் சுற்று, நட, படு, போதும் வா. இந்த ஐந்தையும் அவர் எப்போதுமே கொஞ்சம் முன்கூட்டியே ஊதிவிடுவார். நாய் தானாக யோசிப்பதற்குள் கட்டளை வந்துவிடும். அடுத்தவர் நாய்க்கும் அவரே ஊதுவார், அது அவருடைய குணம். செத்த பிறகும் குணம் போகவில்லை. தபால்காரரின் குட்டை நாய் பாதி வழியில் இடப்பக்கம் சுற்றிக் கிளம்பிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் மடிநாய் பிரசங்க மேடைக்குக் கீழே தொப்பென்று படுத்து, நான்கு பாட்டு முடியும்வரை எழவில்லை. அந்த ஒரு வாரம்தான் பிரசங்கம் சுருக்கமாக இருந்தது என்பதால் யாரும் புகார் சொல்லவில்லை.

ஆறாவதாக ஒரு விசில் உண்டு. அது நாய்க்கு அல்ல, மனைவி மைர்வெனுக்கு. இரண்டு குட்டை, ஒரு நீளம். கடைசியில் சத்தம் கொஞ்சம் இறங்கும். தேநீர் தயார், வா என்று அதற்குப் பொருள். சாயங்காலம் நாலு மணிக்குத் தேநீர் போடுவது அந்த வீட்டில் இத்வாலின் வேலை. முப்பத்தொரு வருடம் அவர் முற்றத்திலிருந்து அப்படி ஊதினார். மைர்வென் முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. "நான் என்ன நாயா? பேர் வச்சிருக்காங்கல்ல, பேரச் சொல்லிக் கூப்பிடு" என்பார். இத்வால் கூப்பிட மாட்டார். இவரும் திரும்ப மாட்டார். அவர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஊதுவார்; தேநீர் ஆறிய பிறகு மைர்வென் தானாக வருவதுபோல் வருவார். இருவருக்கும் பிடிவாதம் சரிசமம். திரும்பாத அந்தக் கழுத்தைப் பற்றி மைர்வெனுக்குப் பெருமைதான். இத்வால் இறந்த பிறகு அந்த ஆறாவது விசில் மட்டும் வரவில்லை.

வீட்டில் பெரோ என்று கறுப்பு வெள்ளை நாய் ஒன்று இருந்தது. வயது நான்கு, இத்வால் குட்டியிலிருந்து பழக்கியது. மைர்வெனுக்கு விசிலடிக்க வராது, வாயால் சொல்லித்தான் வேலை வாங்கினார். நாய்க்கு நிதானம் கற்றுக்கொடுப்பதில் அவருக்கு நிகர் எங்கள் பக்கம் யாருமில்லை. தகர டின்களை உருட்டிவிட்டார். பெரோ ஆட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாத்துகளைக் குறுக்கே விட்டார், எடுக்கவில்லை. தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து பதினாறு பேரை வயலில் நிறுத்திப் பாடச் சொன்னார். தலைமைப் பாடகருக்கே ஸ்வரம் தப்பியது, பெரோவுக்குத் தப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் பரிசாக அதற்கு ஆட்டைச் சுற்றிவர அனுமதி கொடுத்தார். ஆட்டு நாய்க்கு எலும்பைவிட அதுதான் பெரிது. ஆனால் மேலிருந்து அந்த விசில் வந்தால் போதும், கற்றதெல்லாம் காற்றில் போய்விடும். வேறு நாய் வாங்கிப் பார்த்தார். எட்டே நாளில் அதுவும் இத்வாலின் பேச்சைத்தான் கேட்டது.

இத்வால் இறந்து இரண்டாவது ஜூனில், ரோமம் வெட்ட எல்லோரும் சேர்ந்து மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் நாளில், விஷயம் கைமீறியது. மைர்வென் "வலம்" என்றார், மலை "இடம்" என்றது. இருநூற்று நாற்பது ஆடுகள் கெத்தின் ரௌலண்ட்ஸின் புல் வயல் வழியாகப் போய் ரயில் பாதையில் நின்றன. ரயிலை ஒருவர் சிவப்புச் சட்டையைக் கழற்றி ஆட்டி நிறுத்தினார். கெத்தின்தான் மேய்ச்சல் சங்கத் தலைவர். இத்வாலோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். சங்கம் கூடி முடிவெடுத்தது: அடுத்த வருடம் ஆகஸ்டில் நடக்கும் நாய்ப் போட்டியில் பெரோ ஐந்து ஆடுகளைப் பிசகாமல் பட்டிவரை கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் மந்தையை விற்றுவிட வேண்டும். மந்தை போனால் பண்ணை போகும். பண்ணை போனால் கடலோர ஊரில் அக்காவின் மூன்றாம் மாடி வீட்டில், ஓர் ஆடுகூடத் தெரியாத ஜன்னலுக்குப் பக்கத்தில், மைர்வென் மிச்ச காலத்தை ஓட்ட வேண்டும்.

மறுநாள் அவர் பிளாஸ்கில் தேநீர் எடுத்துக்கொண்டு மேல்மலைச் சுவருக்குப் போனார். கீழே சுவர் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் கேட்டுச் சொன்னதுதான் இது.

"யோவ் இத்வால், வாய மூடிட்டு இருக்க மாட்டியா?"

விசில்: இடம் சுற்று.

"இடமாவது வலமாவது! ஒன்னால மந்தையே போகப் போகுதுய்யா. என்னை எங்கக்கா வீட்டு மாடியில கொண்டுபோய் அடைக்கப் போறாங்க. சம்மதமா ஒனக்கு?"

அப்புறம் மெதுவாக ஒரு விசில்: போதும் வா.

"நான் எங்க வர்றது? நீதான் வரணும், ஒத்தாசைக்கு. தூரமா போய் நின்னுக்க. நான் சொல்றப்ப ஒவ்வொரு சுவரா கிட்ட வந்து ஊது. முடிஞ்சவரைக்கும் கலைச்சுப் பாரு. பெரோ கலையக் கூடாது, அவ்வளவுதான்."

விசில்: படு. சரி என்றுதான் அதற்கு அர்த்தம் என்று மைர்வென் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை விசில் பழைய கல் குவாரிக்கு அப்பாலிருந்து, கொசு ரீங்காரம் அளவுக்கு வந்தது. உயிரோடிருந்தபோதும் சரி, பிறகும் சரி, இத்வால் இன்னொருவர் சொல் கேட்டது அதுதான் முதல் தடவை.

குவாரிக்கும் வீட்டு வயலுக்கும் இடையில் பதினொரு சுவர்கள். ஒரு சுவர் தாண்ட ஒரு மாதம், சில சமயம் ஆறு வாரம். விசில் வந்தும் பெரோவின் பார்வை ஆட்டிலேயே இருந்தால், உடனே ஆட்டிடம் போக அனுமதி. தலை திரும்பினால் திட்டு கிடையாது. விசில்தான் ஒரு சுவர் பின்னால் போக வேண்டும். இத்வால் அவசரப்பட்டு இரண்டு தடவை சொல்லாமலே முன்னால் வந்துவிட்டு, இரண்டு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். பனிக்காலம் முழுக்க இது நடந்தது. ஜூலையில் விசில் பெரோவின் காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்று ஊதியது. முதலில் காதுமடல் துடித்தது. பத்து நாளில் அதுவும் நின்றது.

அன்று மைர்வென் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷம் வரவில்லை. வேலி ஓரம் நின்றிருந்த கெத்தின் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டார்.

"ஏம்மா மைர்வென், நாய்கூடக் கேக்கலன்னா அப்புறம் அது விசிலா, வெறும் காத்தா? இத்வால் எதுக்கு இங்க நிக்கப் போறான்?"

"ஒங்க வேலையப் பாருங்க கெத்தின்."

"நான் சும்மா சொன்னேன்."

"சும்மா இருக்க முடியாதா ஒங்களால?"

கெத்தின் சொன்னது சரி என்று மைர்வெனுக்குத் தெரியும். மந்தை மிஞ்சும், மனிதர் மிஞ்ச மாட்டார். புதைத்த நாளில் அழாத பெண் அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். பெரோ அதையும் கண்டுகொள்ளவில்லை. அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தது.

ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை போட்டி. பித்தளை வாத்தியக் குழு, தேநீர்க் கூடாரம், சாக்கு ஓட்டம் எல்லாம் வழக்கம்போல் இருந்தன. நாயை ஓட்டுபவர் ஒரு கம்பத்தருகே நிற்க வேண்டும். ஆடுகள் பட்டி வாசலுக்கு வரும்வரை அங்கிருந்து நகரக் கூடாது, நகர்ந்தால் ஆட்டத்திலிருந்து நீக்கம். பெரோ பேரிக்காய் வடிவில் அகலமாகச் சுற்றிப் போய் ஐந்து ஆடுகளைக் கிளப்பி, மைதானத்தில் நட்டிருந்த மூன்று தட்டி வாயில்களில் முதலாவது வழியாகக் கொண்டுவந்தது. இரண்டாம் வாயிலை நெருங்கும்போது மேலிருந்து விசில் வந்தது. பேசிக்கொண்டபடி இத்வால் ஒளிவுமறைவில்லாமல், ஐந்தையும் முழு மூச்சில் ஊதினார். மைதானத்திலிருந்த மற்ற நாய்கள் படுத்தன, எழுந்தன, இடமும் வலமும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. தேநீர்க் கூடாரத்தின் ஒரு கயிறு அறுந்தது. பெரோ ஐந்து ஆடுகளைத் தவிர உலகத்தில் எதுவுமே இல்லாததுபோல் நடந்தது. கைதட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அப்போது மணி நாலாக ஒரு நிமிடம். இரண்டு குட்டை, ஒரு நீளம், கடைசியில் கொஞ்சம் இறக்கம்.

மைர்வென் திரும்பினார்.

எல்லோரும் பார்த்தோம். முப்பத்தொரு வருடம் திரும்பாத கழுத்து திரும்பியது. பிறகு கால் திரும்பியது. கைத்தடியைக் கம்பத்தில் சாய்த்து வைத்துவிட்டு, மைதானத்தின் குறுக்கே, தொப்பியைக்கூடச் சரிசெய்யாமல் மேல்மலைச் சுவரை நோக்கி நடந்தார். "மைர்வென்! கம்பம்! கம்பத்த விட்டுட்டுப் போறியேம்மா!" என்று கெத்தின் கத்தினார். அவர் காதில் விழவில்லை. பெரோ கட்டளை எதுவும் இல்லாமலே மூன்றாம் வாயிலைத் தாண்டி, ஆடுகளைப் பட்டி வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. பட்டிக் கதவை மனிதர்தான் மூட வேண்டும், மூட ஆளில்லை. நாய் இருபது நிமிடம் ஆடுகளை அங்கேயே அசையாமல் பிடித்து வைத்திருந்தது. கடைசியில் கெத்தின் தலையில் அடித்துக்கொண்டு, தலைவர் என்ற மரியாதையையும் மறந்து, தானே ஓடிப்போய்க் கதவை மூடினார்.

மதிப்பெண் தாளில் நடுவர் எழுதியது இன்னும் சங்கத்துப் பெட்டியில் இருக்கிறது: "நாய், குறையில்லை. ஓட்டியவர், கவனச் சிதறல் காரணமாக நீக்கம்." கோப்பை வேறொருவருக்குப் போனது. சங்கம் போட்ட நிபந்தனை நாயைப் பற்றியது மட்டுமே என்பதால் மந்தையை யாரும் கேட்கவில்லை. "நாய் பாஸ், ஆளு ஃபெயில், கூட்டம் கலையலாம்" என்று கெத்தின் முடித்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்ததாகச் சிலர் சொன்னார்கள். கண்ணில் பூந்தூசு விழுந்தது என்று அவர் சொன்னார்.

இதெல்லாம் நடந்து ஒன்பது வருடமாகிறது. அந்த ஐந்து விசில்களும் பிறகு வரவேயில்லை. தபால்காரரின் நாய் நேராக நடக்கிறது; பிரசங்கம் பழையபடி நீண்டுவிட்டது. ஆறாவது மட்டும் தினமும் நாலு மணிக்கு வருகிறது. மைர்வென் முதல் ஊதலிலேயே திரும்பி, பிளாஸ்கையும் இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு சுவருக்குப் போகிறார். தேநீர் போடுவது மட்டும் இப்போது அவர் பொறுப்பு. கீழே பேருந்துக்கு நிற்பவர்கள் அந்த விசிலைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். ஒரு நிமிடம் கழித்துக்கொள்ள வேண்டும், இத்வால் எதிலும் அவசரக்காரர்.