நான்காம் வகையினர்

குன்றின் தோளைத் தாண்டி வந்த இளவெயில், முதலில் பேரவை மாளிகையின் கூம்பிய முகட்டைத் தொட்டு, அதன் வெண்தூண்களில் வழிந்து, அகன்ற படிகளில் இறங்கி, எதிரே ஓடும் பெருந்தெருவில் விரிந்து, அரசின் பெருமை தீர்ந்து மக்களின் பிழைப்புத் தொடங்கும் குறுந்தெருக்களுக்குள் கடைசியாக நுழையும். அது நுழைவதற்குள் அங்கே அடுப்புகள் மூண்டிருக்கும், கடைக்கதவுகள் திறந்திருக்கும், அட்டைப்பெட்டி செய்யும் பட்டறைகளில் பசை கொதிக்கத் தொடங்கியிருக்கும். கற்றறிந்தீர், சட்டமும் இவ்வாறே மேலிருந்துதான் கீழே இறங்குகிறது. ஒரே ஓர் எண் அப்படி இறங்கி வருகையில் வழிதவறிய கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். கேட்டபின் உங்கள் தலை சுற்றினால் என்னை நோகாதீர்கள், எழுதியவருக்கே சுற்றிற்று.

அம்மாளிகையின் பின்கட்டில், சாளரம் இருந்தும் அடுத்த சுவரையன்றி வேறெதையும் காட்டாத நீண்டதோர் அறையில், அமைச்சர்கள் எண்ணுவதைச் சட்டமொழியில் எழுதித் தரும் வரைவாளர் ஒருவர் இருந்தார். புதிதாகப் பணிக்கு வருவோரிடமெல்லாம், ஒரு காற்புள்ளி இடம்பெயர்ந்தால் ஒரு குடும்பமே இடம்பெயரும் என்று கூறி அவர்தம் வயிற்றில் புளியைக் கரைப்பது இவர் வழக்கம். அதனால் உடன் பணியாற்றுவோர் இவருக்குக் 'காற்புள்ளியார்' என்றே பெயர் வைத்துவிட்டனர். கோணலாக இருக்கும் தாளைக் கண்டால் நேராக்காமல் அவ்விடம் விட்டு நகரமாட்டார். வரிசையில் ஓர் எண் விடுபட்டிருந்தால் அன்று அவருக்கு உண்ட உணவு செரிக்காது. இந்த ஒழுங்குப்பித்துத்தான் பின்னால் வந்த வினைக்கெல்லாம் விதை.

பிறர் பெற்ற குழந்தையைத் தம்மிடத்தில் வைத்து வளர்ப்போரை ஐந்து வகையாகப் பிரித்துச் சொல்லும் பழைய சட்டம் ஒன்று அந்நாட்டில் இருந்தது. முறைமன்றம் அமர்த்திய காப்பாளர் முதல் வகை. பெற்றோர் எழுதிக் கொடுத்த வெறுந்தாளைக் காட்டிப் பிள்ளையை வைத்திருப்போர் இரண்டாம் வகை. அறநிலை இல்லங்கள் மூன்றாம் வகை. தாளும் இன்றி உறவும் இன்றி, கைக்குழந்தையாக ஏந்திய நாள்முதல் தாமே ஊட்டி வளர்த்தோர் நான்காம் வகை. தொழில் பழக்குகிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பட்டறைகளில் தங்கவைத்திருப்போர் ஐந்தாம் வகை. அந்த வெறுந்தாளின் மறைவில் குழந்தைகள் விலைபோகிறார்கள் என்ற கூக்குரல் எழவே, அரசு புதிய சட்டமுன்வரைவு ஒன்றைக் கொண்டுவந்தது. அதன்படி இரண்டாம் வகை அறவே நீக்கப்படும். முறைமன்றத்தின் ஒப்புதல் இல்லாதோர் எவராயினும் குழந்தையை அரசு இல்லத்தில் ஒப்படைத்துவிட்டு, வழக்காடி ஒப்புதல் பெற்ற பின்னரே மீட்டுக்கொள்ளலாம். அந்த வழக்குக்கு ஆண்டுகள் பல ஆகும் என்பது ஊரறிந்த செய்தி. ஆயினும், 'நான்காம் வகையினரிடமிருந்து குழந்தையைப் பிரித்தல் ஆகாது' என்று இரக்கமுள்ள வரி ஒன்று அதில் இருந்தது. மேலோரிடம் மன்றாடி அவ்வரியைச் சேர்ப்பித்தவர் காற்புள்ளியாரே. தம் அக்காளை நினைத்தே அவர் அதைச் செய்தார்.

அக்காள் ஒரு சிறிய அடுமனையை நடத்திவந்தார். அங்கே மாவு பிசைய வந்த பெண்ணொருத்தி பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் காய்ச்சலில் கண்மூடியபோது, அடுப்பின் வெதுவெதுப்பில் அக்குழந்தையைக் கிடத்தி, ஒரு கையால் அதற்குப் பால் புகட்டி மறுகையால் ரொட்டி சுட்டவர் அவர். இன்று அக்குழந்தைக்கு வயது ஒன்பது. கடையில் அவள் ஏறாத பலகையும் இல்லை, கவிழ்க்காத ஏனமும் இல்லை. 'வாலு' என்று அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு விடுமுறை நாளின் முற்பகலில், அக்காளும் வாலுவும் காற்புள்ளியாரின் வீட்டிற்கு வந்தனர். கொண்டுவந்த ரொட்டியை மேசைமேல் வைத்த கையோடு, அக்காள் பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"ஏதோ சட்டம் வரப்போகுதாமே. கடைக்கு வர்றவங்க எல்லாம் அதத்தான் பேசிக்கிறாங்க. உங்க ஆபீஸ்ல எழுதினதா?"

"நானே எழுதினதுதான்க்கா."

"அப்ப நீயே சொல்லு. இவ என்கூட இருப்பாளா, இல்ல கொண்டுபோய் விடணுமா? சுத்தி வளைக்காத. ஒரே வார்த்தை."

"இருப்பா. உனக்காகவே ஒரு வரி போட்டிருக்கேன். நாலாவது வகைய யாரும் தொடக்கூடாதுன்னு."

"அதுல என் பேரு இருக்கா?"

"சட்டத்துல பேரெல்லாம் வராதுக்கா. நம்பர்தான்."

மேசைக்கடியிலிருந்து வாலுவின் தலை வெளிப்பட்டது. "மாமா, நான் எத்தனாவது நம்பர்?"

"நாலு."

"நான் நாலு," என்று பாடிக்கொண்டே அவள் அறை அறையாக ஓடினாள்.

அக்காளின் முகத்தில் தெளிவு வராதது கண்டு, அவ்வரியைத் தாமே படித்துக் காட்டுவோம் என்றெண்ணி, காற்புள்ளியார் முன்வரைவின் படி ஒன்றை எடுத்துவந்து விரித்தார். இரண்டாம் வகை நீக்கப்படும் என்று படித்தார். அதற்கடுத்து, தாமே மிகவும் உவந்து எழுதிய வரி ஒன்று நின்றது: 'எஞ்சிய வகைகள் இடைவெளியின்றி மீண்டும் எண்ணிடப்படும்.' ஒன்றுக்குப் பின் மூன்று வந்தால் வரிசை பல்லிழந்த வாய்போலத் தோன்றுமே என்று அன்று பொறாமல் சேர்த்தது அது. அதைப் படித்தவர் நிறுத்தினார். விரல்களை மடக்கி எண்ணினார். மறுபடி விரித்து, மறுபடி மடக்கினார். தெருவில் ஒரு வீட்டை இடித்துவிட்டு மற்ற வீடுகளுக்குப் புதிதாக எண் எழுதினால், நான்காம் வீட்டுக்கு வரும் மடல் அடுத்த வீட்டுக்காரன் கையில்தானே போய்ச் சேரும். அதுதான் நேர்ந்திருந்தது. வளர்த்தோர் மூன்றாம் வகையாகிவிட்டனர். இரக்கமுள்ள அந்த வரி அப்படியே நான்காம் வகையைக் காத்து நின்றது. அந்த நான்காம் இடத்திலோ, இப்போது பட்டறைக்காரர்கள் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார்கள்.

"என்னடா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. எழுத்து பொடியா இருக்கு."

அக்காள், வந்த வேலை முடிந்தவர்போல எழுந்து, ஓடித் திரிந்த வாலுவை எட்டிப் பிடித்து, வழக்கத்திற்கு மாறாக அவளுடைய கையை இறுகப் பற்றிக்கொண்டு படியிறங்கிச் சென்றார்.

மறுநாள் வாக்கெடுப்பு. காற்புள்ளியார் விடிந்ததும் விடியாததுமாகத் தலைமை வரைவாளர் அம்மையாரின் அறைக்குள் போய் நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அம்மையார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தாளைப் படித்தார்.

"நாலுன்னா எந்த நாலு? மாத்துறதுக்கு முந்தின நாலா, மாத்தினதுக்கு அப்புறம் உள்ள நாலா? ரெண்டும் சொல்லலாம் போலிருக்கே."

"நான் நினைச்சது முந்தினது மேடம்."

"நீங்க நினைச்சதுக்குச் சட்டத்துல இடமில்ல. உக்காருங்க, அமைச்சரோட செயலரைப் பார்த்துட்டு வரேன்."

போன அம்மையார் திரும்பி வந்தபோது, அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, சினமும் இல்லை. எதைச் சூடுவதென்று தெரியாமல் வந்த முகமாக இருந்தது. "பட்டறைக்காரங்க நேத்தே வந்து அமைச்சருக்கு நன்றி சொல்லிட்டுப் போனாங்களாம். எதுக்கு நன்றின்னு அவருக்குப் புரியல. ஆனா வாங்கிக்கிட்டார். இனிமே திருப்பிக் கொடுக்க மாட்டார்."

"அப்ப திருத்தம்?"

"இப்பப் போய்த் தெளிவாக்குங்கன்னு கேட்டா, அவங்க பக்கமாத்தான் தெளிவாக்குவாங்க. கேக்காம விட்டா ரெண்டு அர்த்தமும் அப்படியே இருக்கும். எது நல்லதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

அவருக்கும் தெரியவில்லை. பேரவையின் மாடத்தில் அமர்ந்து அவர் கீழே நோக்கியிருக்க, உறுப்பினர் ஒருவர் எழுந்து, வளர்த்த தாய்மாரின் கண்ணீரைத் துடைத்த சட்டம் இது என்று முழங்கினார். மற்றொருவர் எழுந்து, சிறுதொழிலின் வேரில் நீர் ஊற்றிய சட்டம் இது என்று முழங்கினார். இருவருக்கும் ஒரே அவை ஒரே மாதிரி மேசையைத் தட்டியது. இருவர் சொன்னதும் ஒரே தாளிலிருந்துதான். மாடத்தில் இருந்தவருக்குத் தாம் முதலில் என்ன நினைத்து எழுதினோம் என்பதே ஐயமாகிவிட்டது. சட்டம் நிறைவேறிற்று.

சில கிழமைகள் கழித்து, குழந்தைகள் நல அலுவலர் ஒருவர் அடுமனைக்கு வந்து, அக்காளையும் வாலுவையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த சட்டத்தையும் பார்த்தார். கூட்டிப் போகலாமா, விட்டுப் போகலாமா என்று அவருக்கு விளங்கவில்லை. அக்காள் அடுப்படியை விட்டு நகராமல், மாவு படிந்த கையால் வாலுவைத் தம் முதுகுப்புறம் மறைத்துக்கொண்டு நின்றார். எதிர்ச்சாரியில் இருந்த பெட்டிப் பட்டறைக்குள்ளும் போய், அங்கே பசை தடவிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, அங்கும் அதே குழப்பத்தோடு வெளியே வந்தார் அலுவலர். 'நான்காம் வகையினர் யாவர்?' என்று மேலிடத்திற்கு எழுதிவிட்டு, மறுமொழி வரும்வரை ஒன்றும் செய்வதில்லை என்று கிளம்பிவிட்டார்.

அந்த வினா, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் காற்புள்ளியாரின் மேசைக்கே வந்து சேர்ந்தது. அவர் எழுதும் விளக்கம் அமைச்சரின் கையொப்பத்திற்குப் போகும். வளர்த்தோரே நான்காம் வகையினர் என்று உள்ளதை உள்ளபடி எழுதினால், நன்றி வாங்கிக்கொண்ட அமைச்சர் அதை அடித்து, பட்டறைக்காரரே என்று மாற்றிவிடுவார். அந்நாளே வாலு அரசு இல்லத்தில் இருப்பாள். எழுதாமல் விடவும் வழியில்லை. வாழ்நாளெல்லாம் ஐயம் அறுப்பதையே தொழிலாகக் கொண்ட அந்த மனிதர், முதன்முறையாக ஐயம் அறாமல் இருக்கும்படி ஒரு வரியை எழுத அமர்ந்தார். எழுதினார், கிழித்தார், மீண்டும் எழுதினார். முடிவில் தாளில் நின்றது இது: 'நான்காம் வகையினர் எனப்படுவோர், இச்சட்டத்தின் நோக்கிற்கு இயைய, நான்காம் வகையினராகக் கொள்ளத்தக்க அனைவருமே ஆவர்.'

அம்மையார் அதைப் படித்துவிட்டு, "அழகா இருக்கு," என்று மட்டும் சொன்னார். அமைச்சரும் மகிழ்ந்து கையொப்பமிட்டார். விளக்கம் கிடைத்த அலுவலர் அதைப் பலமுறை படித்து, திருதிருவென விழித்து, எவரையும் எங்கிருந்தும் பிரிப்பதற்கில்லை என்று முடிவுகட்டி, கோப்பை மூடினார்.

செய்தியைத் தாமே நேரில் சொல்ல வேண்டும் என்று, அன்று மாலை காற்புள்ளியார் அடுமனைக்கு விரைந்தார். அக்காள் முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினார், பிறகு மாவுக்கையோடே தம்பியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். பலகையின்மேல் ஏறி அமர்ந்திருந்த வாலு இருவரையும் பார்த்துச் சிரித்தாள். அந்த நொடியில் அவருக்கிருந்த மகிழ்ச்சியை அளக்க ஒரு படி இல்லை. செய்தது சரிதான் என்று அவர் முழுதாக நம்பினார்.

அப்போது கடைவாயிலில் ஒரு சிறுமி வந்து நின்றாள். வாலுவின் உயரமே இருப்பாள். விரல்களில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. நேற்றைய ரொட்டி மிச்சம் இருந்தால் கொடுக்கச் சொன்னார்கள் என்றாள். அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புதிய ரொட்டியையே எடுத்துத் தாளில் சுற்றத் தொடங்கினார்.

வாலு பலகையிலிருந்து குதித்து அவளருகே போனாள். "நான் நாலாவது நம்பர். நீ எத்தனாவது?"

"நானும் நாலுதான்," என்றாள் அச்சிறுமி. "எங்க முதலாளி சொன்னாரு. இனிமே எங்களை யாரும் கூட்டிட்டுப் போக முடியாதாம்."

ரொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்த அக்காளின் கை நின்றது. எதிர்ச்சாரியின் பட்டறையை ஒருமுறையும் தம்பியை ஒருமுறையும் பார்த்தார். "ரெண்டு பேரும் எப்படிடா நாலு?"

வாலுவை அவ்வரியிலிருந்து எடுக்காமல் அச்சிறுமியை எடுக்க ஏதேனும் வழியுண்டா என்று காற்புள்ளியாரின் மனம் அந்த வரிக்குள் மேலும் கீழும் ஓடிப் பார்த்தது; தாமே கட்டிய வீட்டில் கதவு வைக்க மறந்தவர்போல முட்டிக்கொண்டு திரும்பிற்று. சிறுமி ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, அதன் சூடு ஆறுவதற்குள் போய்விட வேண்டும் என்பதுபோல, தெருவைக் கடந்து பட்டறைக்குள் போனாள்.

ஆண்டுகள் சென்றன. அச்சட்டமும் அவ்விளக்கமும் ஓரெழுத்தும் மாறாமல் இன்றும் நூலில் உள்ளன. வாலு வளர்ந்து அடுமனையை ஏற்று நடத்துகிறாள். எதிரே பசையும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற காற்புள்ளியார் மாலைதோறும் கடைக்கு வந்து, பசை காய்ந்த விரல்களோடு எந்தப் பிள்ளை வந்து நின்றாலும், புதிய ரொட்டியைத் தம் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறார். அவ்வரியின் பொருள் என்ன என்று சட்டம் பயிலும் இளைஞர்கள் அவரைத் தேடி வந்து கேட்பதுண்டு. எழுதியது நான்தான் என்பார். பிறகு எதிர்ச்சாரியையே பார்த்துக்கொண்டிருப்பார்.