ஏழு தண்டும் அரையும்

நேப்பிள்ஸில், போரில் விரிசல் விட்ட ஐந்து மாடி வீட்டின் நிலவறையில் சபத்தீனோ குனிந்தபடி துளைப்பொறியை ஓட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் தலை இடிக்கும். கையகலத் துளைகள் முப்பது போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியை இறக்கிச் சிமெண்டுக் கூழால் இறுக்க வேண்டும். வீடு அவற்றின்மேல் நிற்கும்.

பதினோரு மீட்டர் ஆழத்தில் துளைப்பொறியின் தண்டு சட்டென்று தானாக ஒரு முழம் இறங்கியது.

"மேஸ்திரி, கீழ பொள்ளலா இருக்கு."

மேஸ்திரி அனியெல்லோ வரைபடத்தை விளக்கடியில் விரித்தார். "பதினெட்டு மீட்டர் வரைக்கும் கெட்டிப் பாறைன்னு போட்டிருக்கு. தண்ட எண்ணத் தெரியலயா ஒனக்கு? கூழ விடு."

விட்டான். அறுபது மூட்டை போயும் துளை நிரம்பவில்லை. அழுத்தம் காட்டும் முள் அசையவே இல்லை. அதற்குள் சரிவின் கீழ்வீட்டிலிருந்து கையுறை தைக்கும் கொஸ்தாந்தீனா முழங்கால்வரை சிமெண்டோடு ஏறி வந்தாள்.

"எந்தப் புண்ணியவான்யா இது? பழைய தண்ணி மடை வழியா என் அறைக்குள்ள கஞ்சி கொட்டுது. தையல் மிஷின் முங்கிப் போச்சு."

மறுநாள் இன்ஜினியர் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. தொழிலாளி அளவு தவறியதாலும், மிகை அழுத்தம் கொடுத்ததாலும் நேர்ந்த சேதம் என்றிருந்தது.

"கையெழுத்துப் போடு. கீழ இறுகினத ஒடச்சு அள்ளிட்டு வேலைய விட்டு நின்னுக்க. வேற ஆள் வந்தாச்சு," என்றார் அனியெல்லோ.

முள் அசையாதபோது மிகை அழுத்தம் எப்படி வந்தது என்று சபத்தீனோவுக்கு விளங்கவில்லை. ஒன்றரை மீட்டர் தண்டு ஏழு, எட்டாவதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. விரல் விட்டு எண்ணினான். சரியாகத்தான் வந்தது. ஆனால் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்களே. கையெழுத்தைப் போட்டுவிட்டான்.

கீழ்வீட்டு அறையில் மூன்று நாள் உளியடித்து மடைவாயைத் திறந்தான். கொஸ்தாந்தீனா காபிக் கோப்பையை நீட்டினாள்.

"நெசமாவே ஒன் தப்புதானா?"

"தெரியலம்மா. ஏழு தண்டுன்னுதான் நெனப்பு. இப்ப கேட்டா எட்டோன்னு தோணுது."

மடைக்குள்ளிருந்து துளைப்பொறியின் உறுமல் வந்தது. மேலே புதியவன் அடுத்த துளையைப் போட்டுக்கொண்டிருந்தான். திடீரென்று உறுமல் லேசாகி, பாறை கடிக்காத வெற்றுச் சுழற்சியாகி நின்றது. சபத்தீனோ உளியைக் கீழே வைத்தான். மேலே ஒருவர் வரைபடத்தை விரித்துப் பார்க்கும் அளவு நேரம் கழிந்தது. பிறகு கூழ் விடும் பம்ப் ஓடத் தொடங்கியது.

கொஸ்தாந்தீனா மிஞ்சிய கையுறைத் தோல்களை வாரி மேசைமேல் ஏற்றினாள். சபத்தீனோ மடைக்குள் கையை விட்டான். விரல்கள் ஈரச் சாம்பல் நிறத்தில் திரும்பி வந்தன.