வாசகர்களுக்கு வந்த போன்

முதல் போன் ஆரிஃபாவுக்கு வந்தது. உறையூரில் ஸ்கூல் டீச்சர். ஸ்ரீரங்கத்தில் தங்கை வீட்டுக்கு வரும்போதெல்லாம் பக்கத்துச் சந்தில் இருக்கும் கிளை நூலகத்தில் புத்தகம் எடுத்துப் போவார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, நூலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, அவர் எடுத்துப் போயிருந்த நாவலின் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னாளாம். முடித்துவிட்டீர்களா, கதை எப்படிப் போகிறது என்று கேட்டாளாம். ஆரிஃபாவும் சந்தோஷமாக அஞ்சு நிமிஷம் கதை சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை வாசகர் வட்டத்துக்கு வந்தவர், இது நல்ல ஏற்பாடு என்று நூலகர் பிரேமலதாவைப் பாராட்டினார்.

பிரேமலதா அப்படி ஓர் ஏற்பாடும் செய்யவில்லை.

அவள் துறையூரிலிருந்து மாற்றலாகி வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வந்த புதிதில் காலையில் பேப்பர் படிக்க வருகிற பத்துப் பன்னிரண்டு பேர்தான் கூட்டம். அவள்தான் வாசல் பக்கத்தில் புது வரவுக்கென்று தனி அலமாரி போட்டாள். மாதம் பத்துப் புத்தகம் தேர்ந்தெடுத்து ‘இந்த மாதப் பரிந்துரை’ என்று அட்டை எழுதி வைத்தாள். சனிக்கிழமை நாலு மணிக்கு வாசகர் வட்டம், புதன்கிழமை மத்தியானம் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு. உறுப்பினர் எண்ணிக்கை இரண்டு மடங்கானது. இதிலெல்லாம் அவளுக்குக் கைகொடுத்தவள் கலைமதி. துறையூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், இருபத்துநாலு வயது. பிரேமலதாவே சிபாரிசு செய்து தினக்கூலிக்கு வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள்தான். புதன்கிழமை வகுப்பும் அவள்தான்.

ஆரிஃபா பேசி முடித்ததும் வட்டத்தில் இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் போன் வந்ததாகச் சொன்னார்கள். அதே நம்பர். வயசான, கம்மிய குரல். நம்பரை ட்ரூகாலரில் போட்டுப் பார்த்தால் பிச்சமுத்து என்று வந்தது. பேசியது பெண், பெயர் ஆண். அந்தப் பெயரில் உறுப்பினர் யாரும் இல்லை. திரும்பக் கூப்பிட்டால் மணி அடித்தது, எடுக்கவில்லை.

கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ரத்தினவேல்தான் முதலில் அந்தச் சந்தேகத்தை எடுத்துப் போட்டார். இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், முதலில் புத்தகம் கேட்பார்கள், பிறகு ஓ.டி.பி. கேட்பார்கள் என்றார். யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்பதும் அவர்களுடைய போன் நம்பரும் ஒன்றாக இருப்பது மேஜை மேல் இருக்கும் கடன் பதிவேட்டில்தான். அப்படியென்றால் தகவல் உள்ளேயிருந்துதான் போகிறது. அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்த எல்லோரும் ஒருவரை ஒருவர் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் முடியட்டும் என்று வாசலில் விளக்குமாற்றோடு நின்றிருந்த இருசம்மாள், நாற்காலிகளை ஒதுக்கலாமா என்று கேட்டாள். பிரேமலதா தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு நூலகத்தின் காற்றே மாறிப் போனது. பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்பர் எழுதும் இடத்தில் தயங்கினார்கள். சிலர் கடைசி இரண்டு எண்ணை மாற்றிப் போட்டது பிரேமலதாவுக்குத் தெரிந்தும் கேட்கவில்லை. பேப்பர் படிக்கிறவர் மேஜைப் பக்கம் வந்து நின்றால் அவள் பதிவேட்டை மூடினாள். கலைமதி போனில் டைப் செய்துகொண்டிருந்தால், எதற்கு என்று மனதுக்குள் ஒரு கேள்வி வந்தது. முன்பெல்லாம் வந்ததில்லை.

அடுத்த வாரம் வளவன் வந்தான். அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை, வீடு ஸ்ரீரங்கத்தில். நாற்பது வயதுக்காரன், அதிகம் பேசமாட்டான். வாசல் பக்கத்துப் புது வரவிலிருந்து தொண்டைப் புற்றுநோய் பற்றி ஒரு டாக்டர் எழுதிய புத்தகத்தை எடுத்துப் போயிருந்தான். அந்தப் புத்தகத்தை மேஜை மேல் வைத்தான்.

“நேத்து சாயங்காலம் நான் குளிச்சிக்கிட்டு இருந்தேன். போனை என் வீட்டுக்காரி எடுத்திருக்கா. உங்க லைப்ரரியில இருந்து பேசறோம், புத்துநோய் புஸ்தகம் படிச்சாச்சா, அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டிருக்காங்க.” அவன் குரல் ஏறவில்லை. “தொண்டையில சதை எடுத்து டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கேன் மேடம். ரிசல்ட் வரட்டும்னு வீட்ல சொல்லாம இருந்தேன். ராத்திரி பூரா பானுப்ரியா அழுதா. யார் பேசினதுன்னு எனக்குத் தெரியணும்.”

பிரேமலதா எழுந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டாள், விசாரிக்கிறேன் என்றாள். அவன் உறுப்பினர் அட்டையையும் புத்தகத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அன்றைக்கு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அவள் கலைமதியைப் பக்கத்தில் கூப்பிட்டாள். பதிவேட்டைத் தொடுகிற ஆள் நாம் இரண்டு பேர்தான் என்று ஆரம்பித்தாள். கலைமதிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நான் ஏன் மேடம் செய்யணும் என்று கேட்டாள். அப்படியென்றால் போனைக் காட்டு என்றாள் பிரேமலதா. கலைமதி லாக்கை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றாள்.

போனில் பிச்சமுத்துவின் நம்பர் இல்லை. ஆனால் போட்டோக்களில் பதிவேட்டின் பக்கங்கள் இருந்தன. பதினோரு பக்கம், நம்பர்களோடு, தெளிவாக.

மின்சாரம் இல்லாத நாட்களில் விட்டுப்போன பதிவுகளை ஹாஸ்டலில் உட்கார்ந்து ஆன்லைனில் ஏற்றுவதற்காக எடுத்தேன் என்றாள் கலைமதி. கம்ப்யூட்டரில் தேதி பாருங்கள், ஒத்துப்போகும் என்றாள். பிரேமலதா பார்க்கவில்லை. யாருக்காவது அனுப்பினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது கலைமதி போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாள் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது.

ஓடிப் போனதே சாட்சி என்றார் ரத்தினவேல். பிரேமலதாவும் அப்படித்தான் நம்பினாள், நம்புவது வசதியாக இருந்தது. அந்த நம்பிக்கை ஆறு நாள்தான் நின்றது. கலைமதி போன பிறகு எடுத்த புத்தகத்தைப் பற்றி ஆரிஃபாவின் தங்கைக்குப் போன் வந்தது.

இப்போது பிரேமலதாவுக்கு யார் மேலும் நம்பிக்கை இல்லை. ரத்தினவேல் மேஜைப் பக்கம் அடிக்கடி வருவது ஞாபகம் வந்தது. மின்சாரம் சரிபார்க்க வந்தவன், பழைய பேப்பர் வாங்க வந்தவன், எல்லோர் முகமும் வந்துபோனது. கடைசியில் அவளே ஒரு காரியம் செய்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் அனுப்பிவிட்டு, இல்லாத ஓர் ஆளைப் பதிவேட்டில் எழுதினாள். மஹ்ஜபீன், தென்னூர். நம்பர், அவளுடைய பழைய சிம்முடையது. புத்தகம், அந்த மாதப் பரிந்துரையில் இருந்த ஒரு புது நாவல். புத்தகத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டு பூட்டிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. பதினொன்றரை மணிக்கு அந்தப் பழைய சிம் அடித்தது.

“மஹ்ஜபீன் அம்மாங்களா? லைப்ரரியில இருந்து பேசறேங்க.”

முதல் வாக்கியத்திலேயே பிரேமலதாவுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. தினமும் காலையில் ‘கூட்டியாச்சும்மா, கதவைத் திறந்து வைக்கவா’ என்று கேட்கிற குரல். வெள்ளிக்கிழமைகளில் ஹாலைக் கழுவிவிட இன்னொரு சாவி இருந்தது இருசம்மாளிடம்தான். ஒன்றரை வருஷத்தில் அவளுடைய போன் நம்பர் பிரேமலதாவிடம் இல்லை. வாங்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வாரா வாரம் வந்துபோன வாசகர்களில் ஒருவருக்கும் அந்தக் குரல் அடையாளம் தெரியாததற்குக் காரணமும் அதுபோன்றதுதான். அவளோடு யாரும் பேசியதில்லை.

பிரேமலதா வாயைத் திறக்காமல் ‘ம்’ என்றாள்.

“நீங்க எடுத்துட்டுப் போன கதைப் புஸ்தகம் படிச்சாச்சுங்களா? போன வாரம் தொடைக்கும்போது பின் அட்டையைப் படிச்சேன். ஒரு பொண்ணு வீட்டைவிட்டுப் போயிருதுன்னு போட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணு கடைசியில திரும்பி வந்துச்சாங்க?”

பிரேமலதாவுக்குத் தெரியாது. அந்தப் புத்தகத்துக்கு ‘அவசியம் படிக்க வேண்டியது’ என்று அட்டை எழுதி வைத்தது அவள்தான். எழுதும்போது அவளும் பின் அட்டையைத்தான் படித்திருந்தாள். இன்னும் முடிக்கவில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே நூலகத்துக்குப் போனாள். இருசம்மாள் ஹாலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நேற்று பேசியது என்னோடுதான் என்று பிரேமலதா சொன்னதும், விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்படியே நின்றாள். மறுக்கவில்லை. பிச்சமுத்து தன் தம்பி என்றும், சிம் அவன் வாங்கிக் கொடுத்தது என்றும் சொன்னாள். புதன்கிழமை வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதிலிருந்து, துடைக்கிற புத்தகத்தையெல்லாம் படித்துப் பார்க்கிறாள். ஒரு பக்கம் முடிக்க இரண்டு நாள் ஆகிறது. அவள் பாதி பக்கத்தில் இருக்கும்போதே யாராவது புத்தகத்தை எடுத்துப் போய்விடுகிறார்கள். போனவர்களின் நம்பர் பதிவேட்டில் இருக்கிறது.

“கேக்கணும்னா நேர்ல கேட்டிருக்கலாம்ல?” என்றாள் பிரேமலதா.

“சனிக்கிழமை சனிக்கிழமை வாசல்ல நின்னு நீங்கள்லாம் பேசறதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நல்லா இருக்கு, எல்லாரும் படிக்கணும்னு மட்டும் சொல்றாங்க. என்ன நடந்துச்சுன்னு யாரும் சொல்றதில்ல. நான் உள்ள வந்து கேட்டா நல்லாவா இருக்கும்? போன்ல கேட்டா எல்லாரும் வாங்க போங்கன்னு பேசுறாங்கம்மா.”

திரும்பக் கூப்பிட்டபோது ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். பயமாக இருந்தது என்றாள். வளவன் எடுத்த புத்தகமும் புற்றுநோய் வந்த யாரோ ஒருவருடைய கதை என்று நினைத்திருந்தாள். அந்த வீட்டில் என்ன ஆனது என்று பிரேமலதா சொன்னபோது, இருசம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கலைமதி போனதன் காரணம் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தப் புள்ளதான் எனக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்துச்சு என்று இரண்டு தடவை சொன்னாள்.

மேலிடத்துக்கு எழுதினால் இருசம்மாளுக்கு வேலை போகும். எழுதாவிட்டால் பிரேமலதா ஒரு தப்பை மறைத்தவள் ஆவாள். அவள் எழுதினாள். பதிவேட்டைத் திறந்து போட்டது தன் கவனக்குறைவு என்று எழுதினாள், அது உண்மையும்கூட. இருசம்மாளின் பெயரை எழுதவில்லை. விளக்கம் கேட்டு பிரேமலதாவுக்கு ஒரு கடிதம் வந்தது, கண்டித்து இன்னொன்று வந்தது, அதோடு முடிந்தது.

உண்மை தெரிந்த அன்றைக்குச் சாயங்காலமே இருசம்மாளைக் கூட்டிக்கொண்டு வளவன் வீட்டுக்குப் போனாள். அவன் கதவை முழுக்கத் திறக்கவில்லை. பேசியது நான்தான், படிக்கத் தெரியாத கழுதை நான், மன்னிச்சுக்கங்க என்று இருசம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் உள்ளே போய்விட்டான். பானுப்ரியாதான் வந்து அவர்களை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். ரிசல்ட் வந்துவிட்டது, ஆரம்ப நிலைதான், அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள் என்றாள். உங்க போன் வராம இருந்தா இவரு தனியாத்தான் போயிருப்பாரு என்றாள். ஆனாலும் அந்த நேரத்துல ஒரு வெளி ஆள் வாயால கேட்டது மறக்காது என்றும் சொன்னாள். காப்பியை முழுக்கக் குடிக்க முடியவில்லை பிரேமலதாவுக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் துறையூருக்குப் போனாள். கலைமதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். பிரேமலதாவைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள், மரியாதை குறையாமல் வாங்க மேடம் என்றாள். பிரேமலதா நடந்ததையெல்லாம் சொன்னாள். தேதியை ஒத்துப் பார்த்ததாகவும், பதினோரு பக்கமும் கம்ப்யூட்டரில் ஏறியிருந்ததாகவும் சொன்னாள். திரும்ப வந்துவிடு, நான் பேசி ஏற்பாடு செய்கிறேன் என்றாள்.

கலைமதி கடை வாசலை விட்டு ஓரமாக நகர்ந்து நின்றாள்.

“நீங்க போனைக் கேட்டது தப்பில்ல மேடம். யாரா இருந்தாலும் கேட்டிருப்பாங்க. நான் காரணம் சொன்னேன்ல, அதைச் சரிபார்க்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நீங்க அதைப் பார்க்கல. அதான் எனக்குத் தாங்கல.”

பிரேமலதா தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்குள்ளிருந்து யாரோ கலைமதியைக் கூப்பிட்டார்கள். போகிறதற்கு முன்னால் அவள் ஒன்று மட்டும் கேட்டாள். புதன்கிழமை வகுப்பை இப்போது யார் எடுக்கிறார்கள் என்றாள்.

யாரும் எடுக்கவில்லை என்றாள் பிரேமலதா.

“ஒன்பது பேர் வருவாங்க மேடம். விட்டா திரும்ப வரமாட்டாங்க,” என்று சொல்லிவிட்டுக் கலைமதி உள்ளே போனாள்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் பிரேமலதாவே கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். இருசம்மாள் பின்னால், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முன்னால் வரச் சொல்லியும் அன்றைக்கு அவள் வரவில்லை.