வர்க்கி அணைத்த சூடம்

ராமுத்தாய் ஏலச்செடியின் தூரில் குந்தி, விளைந்த காயை மட்டும் விரலால் திருகி எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். பிஞ்சில் கை பட்டுவிட்டால் கங்காணி அழகுமலை வாய்க்கு வந்ததைப் பேசுவான். சமீபத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். இந்தச் செடியை நட்டவளே அவள்தான், குழி வெட்டியது அவள் புருஷன் சுருளியாண்டி என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவள் கால்விரல் இடுக்கில் அட்டை ஏறியிருந்தது. பார்த்தாள். பிடுங்கிப் போடத் தோன்றவில்லை.

மலையடிவாரத்தில், தேவாரம் ஊரில் இருந்த மானாவாரிக் காட்டையும் வண்டிமாட்டையும் விற்றுத்தான் மலையாளத்துப் பக்கம் இந்த ஏலக்காட்டை வாங்கினார்கள். தினமும் கண்ணுக்குத் தெரிகிற மலைதான். ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் வேறு சீமை. பாஷை வேறு, ஆபீஸ் வேறு. அந்த ஊர் ரேஷன் கார்டு இல்லாதவன் பட்டா வாங்குவது கல்லில் நார் உரிக்கிற கதை. பட்டா இல்லாமல் பேங்கில் லோனும் கிடையாது. அங்கே டீக்கடை வைத்திருந்த வர்க்கிதான் வழி சொன்னார். பட்டா என் பேரில் இருக்கட்டும், மீதிப் பணத்துக்கு லோனும் நானே எடுக்கிறேன், தவணையை நீங்கள் கட்டுங்கள், காடு உங்களுடையது என்றார்.

சுருளியாண்டி எழுத்து ஒன்றும் கேட்கவில்லை. காட்டு மூலையில் கருப்பசாமிக்கு ஒரு கல்லை நட்டு, முன்னால் சூடம் கொளுத்தி, அதை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னான். கழுத்தில் சிலுவை போட்டிருந்த மனுஷன், தயங்காமல் உள்ளங்கையால் அணைத்தார். கை கொப்பளித்துப் போனது. இதைவிடப் பெரிய பத்திரம் ஏது என்று இருந்துவிட்டார்கள். வர்க்கியும் இருந்தவரைக்கும் சொன்ன சொல் மாறவில்லை. அந்தப் புண்ணியவானைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். லோனைக் கட்டி முடித்த மறுவருஷம் மாசியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். கோட்டயத்தில் வேலை பார்த்த மகன் ஜோயி வந்தான். பட்டாவைப் பார்த்தான், அப்பன் பேர் இருந்தது. காடு அவன் கைக்குப் போனது.

அன்றைக்கு மலையிறங்கிய சுருளியாண்டி, சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். அடுப்பு எரிய வேண்டுமே என்று ராமுத்தாய் அதே காட்டுக்குக் கூலி ஆள் ஏற்றுகிற ஜீப்பில் ஏறினாள். இன்று விடியலில் அவள் கிளம்பும்போது அவன் வாய் திறந்தான்.

"அப்பன் அணைச்ச எடத்துலயே மகனையும் அணைக்கச் சொல்லு."

சூடத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். அவள் மடியில் முடிந்துகொண்டாள்.

மத்தியானம், காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு ஜோயி வந்தான். ராமுத்தாய் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் முன்னால் போய் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"கருப்பன் முன்னால ஒங்க அப்பா சூடம் அணைச்சுக் குடுத்தாக தம்பி. நீங்களும் வந்து அணைச்சுட்டா, எங்க வீட்டுல படுத்துக் கெடக்குறவுக எந்திரிச்சுருவாக."

"அப்பச்சன் என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லம்மா," என்றான் ஜோயி. "எனக்கு அறியாத காரியத்துக்கு நான் எங்ஙன சத்தியம் செய்யும்?"

குரலில் கடுமை இல்லை. சாமி அங்கேயே இருக்கட்டும், யாரும் கல்லைத் தொட மாட்டார்கள், வருஷத்துக்கு ஒருதரம் வந்து பொங்கல் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். உங்களுக்கு இங்கே என்றைக்கும் வேலை உண்டு என்றும் சொன்னான்.

ராமுத்தாய் தலையாட்டினாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அழுகையாவது வரும் என்று நினைத்தாள், அதுவும் இல்லை. நெஞ்சுக்குள் களிமண்ணை அப்பி வைத்ததுபோல் இருந்தது. கூடையை எடுத்துக்கொண்டு விட்ட இடத்துக்குப் போனாள். சாயங்காலம் வரை காய் எடுத்தாள். கருப்பன் இருந்த மூலைக்குப் போகவில்லை.

வேலை முடிந்ததும் பெண்கள் கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார்கள். யாரும் காயை ஒளித்துக் கொண்டுபோகக் கூடாது என்று அழகுமலை ஒவ்வொருத்தியாக மடியைச் சோதித்து வெளியே விட்டான். காட்டுப்பன்றி நுழையாதிருக்க சுருளியாண்டி அடித்துப் போட்ட மரக்கேட் அது.

"மடிய உதறு ஆத்தா."

ராமுத்தாய் முடிச்சை அவிழ்த்து உதறினாள். காகிதப் பொட்டலம் கீழே விழுந்தது. அழகுமலை குனிந்து எடுத்துப் பிரித்தான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான்.

"ஏலக்கா இல்ல. போ."

பொட்டலத்தை அவள் கையில் போட்டான். அவள் அதை மறுபடியும் மடியில் முடிந்துகொண்டு கேட்டைத் தாண்டினாள். பின்னால் நின்றவள் தன் மடியை அவிழ்த்தாள்.