மருந்துக்கடைக்காரரின் இடுப்பு

நிலக்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மூட்டா, முதுகா, பல்லா என்று கேட்பதோடு என் ஆராய்ச்சி முடிந்துவிடும். உடனே மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன். பாதிப் பேர் என்னை 'டாக்டரே' என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் ஒருநாளும் மறுத்ததில்லை.

நான்கு வருடத்துக்கு முன் மருந்துப் பெட்டியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்கு எதற்கு இன்னொரு டாக்டர்? தினம் இரண்டு வலி மாத்திரை என்று நானே முடிவு செய்தேன். இரண்டு பிறகு மூன்றானது. கால் வீங்கியபோது, செருப்பு சுருங்கிவிட்டதாக நினைத்துப் புதுச் செருப்பு வாங்கினேன். என் மனைவி புவனேஸ்வரிதான் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, வலி மாத்திரையால் சிறுநீரகம் அடிவாங்கியிருப்பதாகச் சொன்னார். அடிபட்ட புதிதில் நாலு நாள் மாத்திரை போடுவது வேறு, வருடக்கணக்கான வலியை அதை வைத்தே ஓட்டுவது வேறு என்றார். பிடித்த தசை எப்போதோ ஆறிவிட்டதாம்; நரம்புகள்தான் பழைய பயத்தில் இன்னும் கத்திக்கொண்டிருக்கின்றனவாம். மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு, மாடியில் நடக்கும் உடற்பயிற்சிக்கு அனுப்பினார். புது மருந்து ஏதாவது எழுதுவார், பெயரைக் குறித்துக்கொள்ளலாம் என்று வந்த எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மாடியில் ஜக்கம்மாள் பாயில் படுத்து இடுப்பைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். மல்லிகை பறிக்கிறவள். வாரம் தவறாமல் என்னிடம் முதுகுவலிக்கு மாத்திரை வாங்கியவள், மூன்று மாதமாக வரவில்லை. வேறு கடைக்கு மாறிவிட்டாள் என்று கோபத்தில் இருந்தேன்.

பயிற்சி தரும் ஷைனி பத்துத் தடவை செய்யச் சொன்னாள். நான் நாலாவதிலேயே நிறுத்திவிட்டேன். வலித்ததும் உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்று பயம்.

"மொத வாரம் எனக்கும் இப்பிடித்தாண்ணே. வலிக்கும், ஆனா ஒண்ணும் ஆகாது. மெதுவாச் செய்யுங்க" என்றாள் ஜக்கம்மாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"மாத்திர விக்கிற ஆளுட்ட மாத்திர வேணாம்னு எப்பிடிண்ணே சொல்றது?"

எட்டு மாதமாகிறது. வலி முழுதாகப் போகவில்லை. ஆனாலும் தினம் கண்மாய்க்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். சிறுநீரகம் அதற்குமேல் கெடவில்லை.

போன வாரம் சடையாண்டி மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டார். எத்தனை நாளாக என்றேன். மூன்று வருடமாம். டாக்டரைப் பார்க்கச் சொல்லி, நரம்பு, தசை, பயிற்சி என்று கால்மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, எதிர்க்கடையில் போய் வாங்கிக்கொண்டார். அடுத்த முறை வந்தால் இன்னும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.