உயிரோடு இருப்பதற்கும் சான்று தேவை

சீட்டில்லாமல் யாராவது மாத்திரை கேட்டால் மருந்துக்கடைக்காரருக்குப் பிடிக்காது. சான்றில்லாமல் யாராவது ஒரு வரி எழுதினால் அறவே பிடிக்காது. கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் மனிதர் ஆங்கில இணையக் கலைக்களஞ்சியத்தில்தான் குடியிருப்பார். யார் யாரோ எழுதிய கட்டுரைகளில் புகுந்து, தேதி சரியா, ஊர் சரியா என்று துருவித் துருவிப் பார்த்து, ‘சான்று தேவை’ என்று ஒரு குத்து குத்திவிட்டு வருவதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். இதற்குச் சம்பளமா கொடுக்கிறார்கள்? சல்லிக்காசு கிடையாது.

பெற்ற பிள்ளை மாதிரி அவர் வளர்த்த கட்டுரை, வேல்ஸ் நாட்டுக் கவிஞர் ஒருவருடைய வாழ்க்கை வரலாறு. ஒரு பத்திரிகை அந்தக் கவிஞரை ‘மறைந்த’ என்று எழுதிவிட்டது. இவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, ‘எழுதுகிறார்’, ‘வசிக்கிறார்’ எல்லாவற்றையும் ‘எழுதினார்’, ‘வசித்தார்’ ஆக்கி, அந்தப் பத்திரிகையை அடிக்குறிப்பில் போட்டார்.

சில நாளில் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. “ஐயா, நான் சாகவில்லை. வரும் சனிக்கிழமை எங்கள் பக்கத்து ஊர் நூலகத்தில் கவிதை வாசிக்க இருந்தேன். உங்கள் கட்டுரையைப் பார்த்து அதை ரத்து செய்துவிட்டார்கள். போன் செய்தால் யாரோ விளையாடுவதாக நினைத்து வைத்துவிடுகிறார்கள். வெகுகாலம் கழித்துக் கிடைத்த மேடை. தயவுசெய்து திருத்துங்கள்.”

மருந்துக்கடைக்காரர் யோசிக்கவே இல்லை. ‘சான்று தேவை’ என்று பதில் போட்டார்.

கவிஞர் அன்றைய செய்தித்தாளை மார்போடு பிடித்துப் படம் எடுத்து அனுப்பினார். தன்னைத் தானே எடுத்த படம் செல்லாது என்று பதில் போனது. பாவம், கவிஞர் இவருடைய போன் எண்ணைக் கேட்டு வாங்கி, வீடியோவிலேயே வந்துவிட்டார். அவரோடு பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். நமக்காகத் தமிழில் சொல்கிறேன்.

“முகம் தெரியுதா?”

“நல்லாவே தெரியுதுங்க. ஆனா நான் கண்ணால பாத்ததை எழுத முடியாது. அச்சுல வந்திருக்கணும்.”

பில் போட்டுக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னங்க, அவரு இருமுறாரு. செத்தவங்க இருமுவாங்களா?”

“இருமல் சான்று ஆகாதும்மா.”

“எனக்கு நல்லா வாயில வருது! செத்தது அச்சுல வந்துச்சுன்னா, பொழச்சதும் அச்சுல வரணும், அவ்ளோதானே? ஐயா, பத்திரிகைக்காரங்க கூடுற இடமாப் பாத்து போய் நில்லுங்க.”

கவிஞர் தாடியைச் சொறிந்தார். “சனிக்கிழமை அதே நூலகத்துல எனக்கு இரங்கல் கூட்டம் வச்சிருக்காங்கம்மா. பத்திரிகைக்காரங்களும் வருவாங்க. நான் வாசிக்கிறதுக்கு ஏழு பேர்தான் பேர் கொடுத்தாங்க. இரங்கலுக்கு நூறு பேருக்கு மேல.” குரல் தணிந்தது. “அதனால, ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் செத்தே இருக்கேனே. என் கவிதையை நூறு பேர் உக்காந்து கேக்கறதை ஒரு தடவையாவது பாத்துடறேன்.”

சனிக்கிழமை தொப்பியும் மப்ளருமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாராம். பேராசிரியர் ஒருவர் கவிதை வாசிக்க எழுந்தார். முதல் கவிதையில் ஒரு பத்தியைத் தாண்டிக் குதித்தார். கவிஞர் பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்ததில் நேரே கடைசிப் பத்திக்கே போய்விட்டார். எந்தக் கவிஞன் பொறுப்பான்? “யோவ், நடுவுல பாதியை முழுங்கிட்டியே!” என்று செத்தவர் எழுந்து நின்றார்.

மறுநாள் பத்திரிகையில் படத்தோடு செய்தி. மருந்துக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. ‘எழுதினார்’ மறுபடி ‘எழுதுகிறார்’ ஆயிற்று. அடிக்குறிப்பும் கச்சிதம். உடனே கவிஞரை வீடியோவில் கூப்பிட்டார்.

“வாழ்த்துகள்ங்க! அப்புறம் நீங்களே வாசிச்சிருப்பீங்களே?”

“எங்க? உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சதும் ஒவ்வொருத்தரா கிளம்பிட்டாங்க. நான் கண்ணாடியை எடுத்து மாட்டறதுக்குள்ள விளக்கை அணைச்சுட்டாங்க.” கவிஞர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “போகட்டும். நீங்க ஒருத்தர் இருக்கீங்களே. என்னைப் பத்தி எவ்ளோ எழுதியிருக்கீங்க! என் கவிதையில உங்களுக்கு எது பிடிக்கும்?”

மருந்துக்கடைக்காரருக்கு எந்தப் பதிப்பகம், என்ன பரிசு, எந்த ஆண்டு, எல்லாம் தலைகீழ்ப் பாடம். கவிதை? ஒரு வரி தெரியாது. மனைவி வேறு முறைத்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணுகூடப் படிச்சதில்லைங்க,” என்றார். வெட்கத்தில் காது சுட்டது.

கவிஞரின் முகம் சுருங்கிப்போனது. அந்த நேரம் பார்த்து ஒருவர் சீட்டோடு வந்து நின்றார், வெறும் சத்து மாத்திரைக்கு. நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டு, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். ஒரு ஸ்டூலை மனைவிக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தானும் உட்கார்ந்தார்.

“வாசிங்கய்யா. உங்க பாஷையிலயே வாசிங்க. நாங்க கேக்கறோம்.”

கவிஞர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெல்ஷ் மொழியில் வாசித்தார். இருவருக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. முடிந்ததும் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மருந்துக்கடைக்காரர், “இன்னொண்ணு வாசிங்க,” என்றார்.